இருநூற்றேழாம் ரூமின் ராணுவ மந்திரி

வேலுச்சாமி ராணுவ மந்திரியாக இருந்தவர். சிரிக்காதீர்கள். எந்த நாட்டுக்கு என்று கேட்டால் சொல்கிறேன். ஷார்ஜா முவைலாவில், ஏசி டக்ட், அதாவது குளிர்காற்று போகிற தகரக் குழாய், மாட்டும் கம்பெனி ஒன்றின் தொழிலாளர் கேம்ப்பில், இரண்டாம் மாடியில் இருக்கிற 207-ஆம் நம்பர் ரூமுக்கு. எட்டுப் பேர் ஜனத்தொகை. நான்கு இரட்டைக் கட்டில், ஒரு ஜன்னல், ஒரு ஏசி. இதைவிடக் கொஞ்சம்தான் பெரிசாக இருக்கிற நாடுகளெல்லாம் கொடியேற்றி, பீரங்கி வாங்கிக்கொண்டு நிற்கும்போது 207-க்கு ஒரு மந்திரிசபை இருக்கக் கூடாதா என்ன?

மந்திரிசபையை உண்டாக்கியவன் கரூர்க்காரன் விஜயபாஸ்கர். சாப்பாடு இல்லாமல் இருப்பான், அரசியல் பேசாமல் இருக்க மாட்டான். ரூமில் யார் தண்ணீர் கேன் தூக்குவது, யார் குப்பை கொட்டுவது என்று தினம் சண்டை வந்தபோது, ஆளுக்கொரு இலாகா என்று பிரித்துக் கொடுத்துவிட்டான். கேன் தூக்குகிறவன் நீர்வளத் துறை. சமையல் முறை போடுகிறவன் உணவுத் துறை. இந்தி தெரிந்தவன் வெளியுறவு. ஏசி ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவன் பிரதமர். கூலியாள் என்று சொன்னால் கேன் தூக்காதவன், மந்திரி என்று சொன்னால் தூக்கினான். பிறகு விஜயபாஸ்கர் வேறு கம்பெனி கிடைத்து கத்தாருக்குப் போய்விட்டான். ரிமோட் விழுப்புரத்து சுரேஷ்குமார் கைக்கு வந்தது.

ராணுவம் யாரோடு மோத வேண்டும் என்பதில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே குழப்பம் கிடையாது. மூட்டைப்பூச்சி. வளைகுடாவில் பேச்சிலர் ரூமில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அந்த இலாகாவுக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் விஜயபாஸ்கரே கூடுதல் பொறுப்பாக வைத்திருந்தான். அவன் கொள்கை வெயில். லீவு நாளில் மெத்தைகளையெல்லாம் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போட வைத்தான். ஆகஸ்ட் மாதத்து வெயிலில் மெத்தை தூக்கினவர்கள் மயங்கி விழுந்தார்கள், பூச்சி சௌக்கியமாகத் திரும்பி வந்தது. இரண்டாவது மந்திரி அரியலூர்க்காரர் ஒருவர். அவர் கொள்கை ரசாயனம். எங்கிருந்தோ ஒரு மருந்து வாங்கி அடித்தார், அன்றைக்கு எட்டுப் பேரும் காரிடாரில் படுத்தார்கள், கட்டிலில் பூச்சி காலை நீட்டிப் படுத்தது. தார்மீகப் பொறுப்பேற்று அவர் பதவி விலகியதாக ரூம் வரலாறு சொல்லும். உண்மையில் அவரைக் கம்பெனி அபுதாபி சைட்டுக்கு மாற்றிவிட்டது.

மூன்றாவதாக வந்தவர்தான் நம்முடைய வேலுச்சாமி.

உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊர். ஐம்பதை நெருங்குகிற வயது. சைட்டில் ஹெல்பர். மற்றவர்கள் மேலே ஏறி ஸ்க்ரூ போடும்வரை கீழே நின்று டக்ட்டைத் தலைக்கு மேல் தாங்கிப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. பகட், உட்டாவ், ஜல்தி, யல்லா: பிடி, தூக்கு, சீக்கிரம், நட. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் காதில் விழுகிற பாஷை அவ்வளவுதான். ஊரிலும் நிலைமை ஒன்றும் வித்தியாசமில்லை. வீட்டுக்கு என்ன பெயின்ட், மகள் சந்தியாவுக்கு எந்த காலேஜ், எல்லாவற்றையும் மனைவி வீரம்மாளே முடிவு செய்துவிட்டு, முடிந்த பிறகு வீடியோ காலில் தகவல் சொல்வாள். பாவம், கெட்ட பெண்மணி இல்லை. இவரைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டில் காலில் இடித்துக்கொண்டார். ஆத்திரத்தில் அந்த இரும்புக் காலின் பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கி எறிந்தார். உள்ளே பார்த்தால் எதிரியின் தலைநகரமே இருந்தது! குழாய் நிறைய, குடும்பம் குடும்பமாக. வேலுச்சாமி சத்தம் போடாமல் போய்க் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொண்டு வந்து ஊற்றினார். பதினாறு கால்களையும் ஒரே மத்தியானத்தில் முடித்தார். அன்றைக்கு ரூமே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. சாயங்காலமே பதவிப் பிரமாணம்.

பதவியோடு வசதிகளும் வந்தன. சமையல் முறை கிடையாது. கீழ்க்கட்டில். காலையில் பாத்ரூமுக்கு முதல் ஆள். ஆனால் அதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. டூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி ரூமுக்குள் நுழைந்ததும் எவனாவது ஒருவன், "மந்திரி, இன்னிக்கு நெலவரம் என்ன?" என்று கேட்பான் பாருங்கள், அது. அவருடைய வாழ்க்கையில் யாரும் அவரிடம் நிலவரம் கேட்டதே இல்லை. பதிலை அவர் பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டு வருவார்.

"வடக்கு எல்லையில நடமாட்டம் இருக்கு. எல்லாம் 208-ல இருந்துதேன் வர்றாய்ங்க," என்பார்.

208 பக்கத்து ரூம். அங்கேயும் தமிழ் ஆட்கள், அதே கம்பெனி, அதே டக்ட். ஆனால் எதிரி பூச்சி என்று சொன்னால் எவனுக்கும் ரத்தம் கொதிக்காது. பூச்சியை 208-காரன் அனுப்புகிறான் என்று சொன்னால் கொதிக்கும். இதை வேலுச்சாமிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மந்திரியானவர்களுக்கு அது தானாகவே தெரிந்துவிடும் போலிருக்கிறது. வாசற்படியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், கட்டில் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம், கதவிடுக்கில் வெள்ளைப் பவுடர். 208-இலும் ஒரு ராணுவ மந்திரி முளைத்தான். பட்டுக்கோட்டை ஜெயமணி. அவனும் அவர்களுடைய ரூமில் இதையே 207-ஐப் பற்றிச் சொன்னான்.

இரண்டு பேருக்கும் தளவாடம் கொடுத்தது கீழே மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை கலீலுர் ரஹ்மான் காக்கா. வேலுச்சாமி போனால், "மந்திரியாரே, 208-காரவுக பெரிய டின்னால்ல வாங்கிட்டுப் போறாவ, நீங்க என்னா சின்னதக் கேக்குறிய?" என்பார். ஜெயமணி போனால் அதையே மாற்றிச் சொல்வார். இரண்டு டின்னிலும் ஒரே மருந்துதான். காக்கா நல்ல மனிதர், அஞ்சு வேளை தொழுகிறவர், வியாபாரத்தில் மட்டும் வல்லரசு.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது சமாதானம்.

அந்தக் குளிர்காலத்தில் கடி நின்றுபோனது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருவன், "ரொம்ப நாளா சொறியவே இல்லையே," என்றான். சுரேஷ்குமார் கையில் ரிமோட்டோடு எழுந்து உட்கார்ந்தான்.

"ண்ணா, பூச்சியே இல்ல. அப்பறம் எதுக்குண்ணா தனியா ஒரு மந்திரி? வர்ற வாரத்துலேந்து நீங்களும் கிச்சன் டூட்டிக்கு வந்துடுங்க."

"பூச்சி இல்லேன்னு எவன்டா சொன்னது? கண்ணுக்குத் தெரியல, அம்புட்டுதேன். பதுங்கிக் கெடக்கு."

"சரிண்ணா. ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. பதவி ஒங்களுதுதான். ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம்."

வேலுச்சாமி டார்ச் அடித்து அடித்துத் தேடினார். வெற்றி பெற்ற தளபதி எதிரியைக் காணோமே என்று அழுத கதை எங்கேயாவது உண்டா? இவர் கிட்டத்தட்ட அழுதார். பதவி போனால் நாளை மாலை பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. மறுபடி டக்ட் தாங்குகிற ஆள், வெங்காயம் நறுக்குகிற ஆள்.

சனிக்கிழமை சாயங்காலம் வேறு வழியில்லாமல் காக்கா கடைக்குப் போனார். அங்கே ஜெயமணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். எதிரி நாட்டு மந்திரியிடம் பேசுவதா என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டே விட்டார்.

"ஏம்ப்பா, ஒங்க ரூம்ல பூச்சி இருக்கா?"

"இல்லங்கண்ணே. நானே ஒங்ககிட்டக் கேக்கலாம்னு இருந்தேன். எங்காளுவ என்னயத் தூக்கிப்புடுவானுவ போலருக்கு."

"இங்கிட்டும் அதேதாம்ப்பா."

காக்கா கல்லாவில் இருந்தபடியே பெருமூச்சு விட்டார். "யாபாரம் படுத்துருச்சுண்டு நானும் கவலையிலதான் இரிக்கேன். இதுல கடைக்குப் பின்னால எவனோ ஒரு பழைய சோஃபாவப் போட்டுட்டுப் போய்ட்டான். முனிசிபாலிட்டி வண்டியக் காணோம். அந்தப் பக்கம் போயிராதிய, பூராம் மூட்டைப்பூச்சி."

இரண்டு மந்திரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது நிமிஷம் குப்பைத்தொட்டி ஓரத்தில் இரண்டு ரூம்களின் முதல் கூட்டு ராணுவப் பயிற்சி நடந்தது. ஜெயமணி சோஃபாவின் மடிப்பைப் பிரித்துப் பிடித்தான், வேலுச்சாமி குச்சியால் தள்ளித் தள்ளி ஆளுக்கொரு தைலக் குப்பியில் நிரப்பினார். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்ததில்லை. "யார்ட்டயும் சொல்லப்படாதுங்கண்ணே," என்றான் ஜெயமணி. கை கொடுத்துப் பிரிந்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் வேலுச்சாமி தலையணை உறையிலிருந்து எடுப்பதுபோல ஒன்றை எடுத்து, பிரதமர் முன்னால் வைத்து நசுக்கினார். ரூமே எழுந்து நின்றது. சுரேஷ்குமார் வருத்தம் தெரிவித்தான். இலாகா நீடித்தது. மிச்சம் இருந்த பூச்சிகளைக் கொன்றுவிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நாளைக்கு இன்னொரு முறை கேட்டால்? அவசரக் கையிருப்பு வேண்டாமா? குப்பியை மூடித் தன் பையின் சைடு ஜிப்பில் வைத்துக்கொண்டார். எல்லா ராணுவ மந்திரிகளும் செய்கிற காரியம்தான்.

அந்தச் சமயத்தில்தான் அருள்ராஜ் வந்தான். தூத்துக்குடி மாவட்டம், நாசரேத். நாற்பது வயதிருக்கும். பஹ்ரைனில் குதைபியா பக்கம் ரொம்ப காலம் இருந்து, அந்தக் கம்பெனி மூடிப்போய், ஊரில் சும்மா இருந்து, கடைசியாக இந்த விசா கிடைத்து வந்தவன். இன்னும் புரபேஷன் முடியவில்லை. சின்ன புகார் போதும், கலாஸ், முடிந்தது என்று டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள். மூத்த மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். வேலுச்சாமிக்கு மேலே காலியாக இருந்த கட்டில் அவனுக்குக் கிடைத்தது. பெட்டியைத் திறந்ததும் ஒரு டப்பா மக்ரூனை எடுத்து நீட்டினான்.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. நீங்கதான் இங்க மந்திரின்னு சொன்னாவ."

வேலுச்சாமிக்கு அவனை அப்போதே பிடித்துவிட்டது. அதுமட்டுமில்லை, கட்டில் கால் போரை முதலிலிருந்து கடைசிவரை, நடுவில் போன் பார்க்காமல் கேட்ட ஒரே ஆள் அவன்தான். "வெந்நிய எப்படி ஊத்துனீய?" என்று சந்தேகம் வேறு கேட்பான். இவருக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

ஒரு நாள் டூட்டிக்குக் கிளம்பும்போது சைடு ஜிப்பைத் திறந்தார். குப்பி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். உள்ளே ஒன்றுமில்லை. அவசரமாக மெத்தையைப் புரட்டித் தேடினார்.

அடுத்தடுத்த நாட்களில் 207 மறுபடி சொறிய ஆரம்பித்தது. சோஃபாப் பூச்சி சாதாரணப் பூச்சி இல்லை, நல்ல பசியில் இருந்தது. அதிகம் கடி வாங்கியது நேர் மேலே படுத்திருந்த அருள்ராஜ். கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. இவர் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார், டின் டின்னாக அடித்துப் பார்த்தார். காக்காவுக்கு மட்டும் வியாபாரம் நிமிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்து மந்திரிசபை கூடியது. சுரேஷ்குமார் சுற்றி வளைக்கவில்லை.

"யோசிச்சுப் பாருங்க. அருள்ராஜ் வந்தப்பறம்தான் இந்தக் கடி."

"ஏசுவே! நான் ஒண்ணும் கொண்டுட்டு வரலியே. வேணும்னா பெட்டியக் கவுத்திப் பாருங்க."

கவிழ்த்துப் பார்த்தார்கள். பெட்டியின் மடிப்பில் ஒன்று இருந்தது. ரூம் முழுக்க இருக்கும்போது அவன் பெட்டியில் மட்டும் இல்லாமல் போகுமா? ஆனால் மந்திரிசபைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. கேம்ப்பை நிர்வகிக்கிற கேம்ப் பாஸிடம் சொல்லி ஆளை மாற்றச் சொல்வது என்று முடிவானது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் 207 கேம்ப் பாஸிடம் மூட்டைப்பூச்சியைப் பற்றி மூச்சே விட்டதில்லை. பூச்சி இருக்கிற ரூம் என்று தெரிந்தால் ஆட்களைப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் போட்டுவிடுவார் என்று விஜயபாஸ்கர் காலத்திலேயே ஒரு பேச்சு. அதைவிட, ரூம் மானம் என்னாவது? இப்போது அந்தப் பயம் இல்லை. குற்றவாளி ஒருவன் கிடைத்துவிட்டான். போய்ச் சொல்ல வேண்டியது யார்? ராணுவ மந்திரி.

அருள்ராஜ் வேலுச்சாமியைப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. இந்த விசாவும் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏழு பேர் மந்திரியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ருசி அவரை விடவில்லை.

"பாப்போம்," என்றார் வேலுச்சாமி. சொல்லிவிட்டு, ச்சீ என்று ஆகிவிட்டது அவருக்கு.

மறுநாள் டூட்டி முடிந்ததும் இரண்டு பேரும் கேம்ப் பாஸ் ஆபீஸுக்குப் போனார்கள். அருள்ராஜ் கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, வழியெல்லாம் வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தான். படி ஏறும்போது வேலுச்சாமியின் தண்ணீர் பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டான். அதுதான் வேலுச்சாமியைக் கொன்றது.

கேம்ப் பாஸ் போனிலிருந்து தலையைத் தூக்கி, என்ன என்று கேட்டார். "க்யா ஹை?"

வேலுச்சாமிக்குத் தெரிந்த இந்தி டக்ட்டைத் தாண்டாதது. இருந்தாலும் சொல்லிவிட்டார். "சார், ரூம் மே கட்மல். யே ஆத்மி நஹி லாயா. மை லாயா." பூச்சியைக் கொண்டுவந்தது இவன் இல்லை, நான்.

"தும் லாயா? கஹா ஸே?" நீயா, எங்கேயிருந்து?

"சோஃபா ஸே, சார்."

"க்யூன்?"

ஏன்? "மினிஸ்ட்ரி கே லியே, சார்," என்றார். மந்திரி பதவிக்காக.

கேம்ப் பாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் வேலை செய்து மூளை கலங்கினவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். போனை எடுத்து எவனிடமோ இரண்டு வார்த்தை பேசினார். நாளைக்கு மருந்தடிக்கிற ஆட்கள் வருவார்கள், காலையில் ரூமைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள் என்றார். கம்பெனிதான் பணம் கட்டுகிறதே, இத்தனை வருஷமாக ஏன் ஒருவனும் சொல்லவில்லை என்று கேட்டார். பிறகு, "பாகல்! ஜாவ்," பைத்தியம், போ என்று விரட்டிவிட்டார். புகாரும் இல்லை, ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் அருள்ராஜ் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "சாவுத வரைக்கும் மறக்க மாட்டேன் அண்ணாச்சி." வேலுச்சாமியும் அழுதார். மனசு லேசாகிப்போனது. பூச்சியோடு சேர்ந்து எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தார்.

மறுநாள் மருந்தடிக்கிறவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து, ஒரு மத்தியானத்தில் 207, 208 இரண்டையும் முடித்துவிட்டுப் போனார்கள். மூன்று மந்திரிகள், இத்தனை டேப், இத்தனை டின். ஒரு போனில் முடிந்த காரியம்.

ரூம் சந்தோஷப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஆபீஸில் சொன்னது அதற்குள் கேம்ப் முழுக்கப் பரவியிருந்தது. அன்று மாலையே விசாரணை. பூச்சியைக் கொண்டுவந்த குற்றத்தை இரண்டாவதாகத்தான் வைத்தார்கள். முதல் குற்றம், ரூம் ரகசியத்தை வெளிநாட்டிடம், அதாவது கேம்ப் பாஸிடம், போட்டுக் கொடுத்தது. 208-இல் ஜெயமணி முந்திக்கொண்டு, எல்லாம் 207-இன் சதி என்று சொல்லிப் பதவியைக் காப்பாற்றிக்கொண்டான். வேலுச்சாமியின் பதவி பறிக்கப்பட்டது.

"பூச்சிதேன் செத்துப்போச்சே. இலாகாவும் வேணாமேப்பா," என்றார் அவர், ஈனக் குரலில்.

"என்னாண்ணா பேசறீங்க? உள்ளேந்தே ஒருத்தர் கொண்டாந்தப்பறம்தான் இலாகா ரொம்ப முக்கியம்," என்றான் சுரேஷ்குமார். "அருள்ராஜ், நீதான் மந்திரி. அடிபட்டவன் நீ. எதிரி யாருன்னு ஒனக்குத்தான் தெரியும்."

"ஐயோ, எனக்கு எதுக்கு அதெல்லாம்," என்றான் அருள்ராஜ். கிச்சன் டூட்டி கிடையாது என்றார்கள். கீழ்க்கட்டில் என்றார்கள். அவன் கீழ்க்கட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எல்லாரும் சொல்லும்போது நான் என்ன செய்ய," என்றான். வேலுச்சாமி தன் மெத்தையைச் சுருட்டி, ஏணியைப் பிடித்து மேலே ஏறினார்.

இப்போதெல்லாம் டூட்டி முடிந்து வந்தால் வாசலிலேயே சோதனை. எட்டுப் பேருக்கும்தான் என்று விதி. நிறுத்துவது ஒருவரைத்தான். முதல் வாரம் அருள்ராஜ் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தான், மேலோட்டமாகத் துழாவிவிட்டுக் கொடுத்தான். "தப்பா எடுத்துக்கிடாதீய அண்ணாச்சி, மந்திரின்னா செய்யத்தான வேணும்," என்றான். அடுத்தடுத்த வாரங்களில் கூச்சம் நின்றுவிட்டது. அண்ணாச்சியும் நின்றுவிட்டது.

நேற்றும் அப்படித்தான். பையை வாங்கிப் படியில் வைத்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, துண்டை உதறி, டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒருவன், "மந்திரி, இன்னிக்கு நெலவரம் என்ன?" என்று கேட்டான். அருள்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது என்ன வெளிச்சம் என்று இந்த உலகத்தில் வேலுச்சாமியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவருக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணும் இல்ல, போலாம்," என்று பையை நீட்டினான் அருள்ராஜ்.

வேலுச்சாமி வாங்கவில்லை.

"சைடு ஜிப்ப விட்டுட்டியே, அருளு," என்றார். "அதையும் தெறந்து பாத்துரு. நான் அங்கிட்டுதேன் வச்சிருந்தேன்."